பெயர் பின்னே வரட்டும்

பாபின்ஸ்கி, மர்ஃபி, மக்பர்னி, கெர்னிக், ரோவ்சிங், ரிக்லர் என்று, பிறந்த ஊரால் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத எத்தனையோ வைத்தியர்களின் பெயர்கள், அவர்களுடைய ஊர்களுக்கு வெகு தொலைவிலுள்ள நம் நாட்டு ஆஸ்பத்திரி வார்டுகளில் காலையும் மாலையும் உச்சரிக்கப்பட்டு வருகின்றன. நோயாளியின் உடம்பில் கையாலும் கண்ணாலும் காதாலும் அறியத்தக்க ஓர் அடையாளத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னவரின் பெயரையே அந்த அடையாளத்துக்கு இட்டு வழங்குவது வைத்திய சாஸ்திரத்தின் சம்பிரதாயம். எக்ஸ்ரே வந்த பிறகு அதனோடு இன்னொரு சம்பிரதாயமும் சேர்ந்துகொண்டது. படத்தில் விழும் நிழலின் உருவத்தைக் கொண்டே, முறுக்கிக்கொண்ட குடலுக்குக் காப்பிக்கொட்டை என்றும், இறுகிப்போன முதுகெலும்புக்கு மூங்கில் என்றும், அடியில் குறுகிய உணவுக்குழலுக்குப் பறவையின் அலகு என்றும் பெயர் வைக்கலானார்கள். இந்தப் பெயர்களோடு தொழில் வாழ்க்கை முழுவதையும் கழித்தவன் நான். அவற்றைப் பற்றி என் ஆசிரியரிடம் கேட்டதும், பிறகு நோயாளிகளின் படுக்கையருகே நின்று நானே உறுதி செய்துகொண்டதுமான ஒரு விஷயத்தை இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் போதித்த பேராசிரியர் ஒருவர் வார்டில் ஒரு நியமம் வைத்திருந்தார். மாணவன் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தவுடனே, "பாபின்ஸ்கி பாசிட்டிவ், சார்" என்றோ, "மர்ஃபி இருக்கிறது, சார்" என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், "பெயர் எங்கும் ஓடிவிடாது, அது பின்னே வரட்டும், நீர் கண்டது என்ன, அதைச் சொல்லும்" என்பார். கண்டதைச் சொல்லி முடித்தால், அது எதனால் அப்படியாகிறது என்று கேட்பார். அதற்கும் விடை வந்த பிறகுதான் பெயர். கண்டது, காரணம், பெயர் என்ற இந்தக் கிரமம் அன்றைக்கு எங்களுக்கு வீண் தாமதமாகவே தோன்றிற்று; ஆனால் பெயரை முன்னே வைத்துக்கொண்டு பார்க்கிறவனுடைய கண், அந்தப் பெயருக்கு ஒத்ததை மட்டும் கண்டு திருப்தியடைந்துவிடும் என்பதையும், காரணத்தை அறிந்து பார்க்கிறவனுக்கே ஓர் அடையாளம் எப்போது மெய் பேசும், எப்போது பொய் பேசும் என்பது விளங்கும் என்பதையும் உணர, சொந்தப் பொறுப்பில் ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தவேண்டிய காலம் வரவேண்டியிருந்தது.

உடம்பின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அறியலாம் என்ற எண்ணமே ஐரோப்பிய வைத்தியத்தில் மெதுவாகத்தான் வேரூன்றிற்று. கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரர் ஒருவரின் மகனான லியோபோல்ட் அவுன்ப்ருக்கர், வியன்னாவில் வைத்தியராக இருந்தபோது, மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு உள்ளே காற்றிருக்கிறதா நீரிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் முறையை 1761-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். திராட்சை மதுப் பீப்பாய்களில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்து அறியும் வழக்கத்தைத் தந்தையின் விடுதியில் கண்டதே அவருக்கு வழிகாட்டிற்று என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. அந்த நூலைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. நெப்போலியனின் வைத்தியரான கோர்விசார் 1808-ல் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே அது உயிர் பெற்றது. அந்தக் கோர்விசாரிடம் பயின்ற லேனெக், 1816-ல் பாரிஸில் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. தட்டும் விரலுக்கும் கேட்கும் செவிக்கும் ஒன்றே பிரமாணம்: உள்ளுறுப்பின் தன்மை மாறினால் அதன் ஓசையும் மாறியே தீரும். அவுன்ப்ருக்கரின் நூல் கவனிப்பாரின்றிக் கிடந்த அத்தனை வருஷங்களிலும் ஓசை மாறிக்கொண்டுதான் இருந்தது. அதைக் காரணத்தோடு சேர்த்துக் கேட்கும் செவிகள்தாம் இல்லை.

கொங்கு நாட்டில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நான் பணியாற்றிய காலத்தில், மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு மாதமாக நடை தளர்ந்து, கடைசியில் நிற்கவே இயலாமல் போய்விட்டது. "வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கறாளுங்க, ஐயா" என்று கூட வந்த மாமியார் சொன்னாள். காற்று கருப்பு என்று மந்திரித்தும் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண்ணோ, "காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மல்லாந்து படுக்கச் சொல்லி, கால்களைத் தளர்வாக நீட்டச் செய்து, உள்ளங்கால் குளிர்ந்திருந்ததால் சிறிது நேரம் கையால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, சாவியின் மழுங்கிய முனையைக் குதிகாலின் வெளிப்புறத்தில் வைத்து, ஓரமாகவே மேலே இழுத்து, விரல்களின் அடியை நெருங்கும்போது உட்பக்கமாக வளைத்தேன். வேகமாக இழுத்தால் கூச்சத்தினால் கால் முழுவதும் பின்வாங்கிவிடும். பெருவிரலின் முதல் அசைவை மட்டுமே கவனிக்கவேண்டிய இந்தச் சோதனையில் நிதானந்தான் எல்லாம். பெருவிரல் மெல்ல, தயக்கமில்லாமல், மேல்நோக்கி நிமிர்ந்தது; மற்ற விரல்கள் விசிறிபோல் விரிந்தன. இன்னொரு காலிலும் அப்படியே.

ஆரோக்கியமான மனிதனுக்கு உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடத்தின் வழியே இறங்கிவரும் ஆணை நரம்புகள், கீழேயுள்ள ஆதிகாலத்து அனிச்சைச் செயலை அடக்கிவைத்திருப்பதே அதற்குக் காரணம். அந்தப் பாதை இன்னும் முதிராத கைக்குழந்தைக்குப் பெருவிரல் நிமிர்வது இயற்கை. பெரியவருக்கு நிமிர்ந்தால், பாதை எங்கோ பழுதுபட்டிருக்கிறது என்பது நிச்சயம். பாரிஸ் வைத்தியரான ஜோசப் பாபின்ஸ்கி 1896 பிப்ரவரியில் இதை விஞ்ஞான சபையொன்றில் எடுத்துரைத்தபோது, அவர் கட்டுரை மொத்தம் 28 வரிகளே இருந்தது. மனக்கோளாறால் வரும் முடத்தையும் நரம்பு சேதத்தால் வரும் முடத்தையும் வேறுபடுத்துவதற்கு அந்நாளைய வைத்தியர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள்; சிறந்த நடிகனும் தன் இச்சையால் பிசகின்றிச் செய்துகாட்ட இயலாத ஓர் அசைவை அவர் கண்டுகொடுத்தார். அன்று அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் அந்த மாமியாரிடம், "அம்மா, உங்கள் மருமகள் நடிக்கவில்லை; அவள் முதுகுத்தண்டில் வியாதி இருக்கிறது" என்று நான் உறுதியாகச் சொல்ல முடிந்தது, ஒரு சாவியின் துணையினால்.

பிறகு முதுகை விரலால் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிக்கொண்டு வந்தபோது, மார்பின் பின்புறம் நடுப்பகுதியில் ஓர் எலும்பு முனை சற்றே புடைத்திருந்தது. அங்கே தட்டினால் அவள் முகம் சுருங்கிற்று. எக்ஸ்ரே படத்தில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி காணாமற் போய், அவற்றின் முன்விளிம்புகள் அரித்துக் கரைந்து, இருபுறத்திலும் கதிர்போல் நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய சீழ்க்கட்டியின் நிழல் படிந்திருந்தது. இங்கேயும் காரணமே வழிகாட்டி: முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டை அழித்துக்கொண்டு பரவுவது பெரும்பாலும் கிருமி நோயின் குணம், புற்றுநோய் எலும்பைத் தின்றாலும் அந்தத் தட்டைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். லண்டன் ரண வைத்தியரான பெர்சிவால் பாட், முதுகு கூனிக் கால்கள் விளங்காமற் போகும் இந்த நோயை 1779-ல் வர்ணித்தார். அதை உண்டாக்கும் க்ஷயக் கிருமியைக் கோக் கண்டறிந்ததோ 1882-ல்தான். ஆகவே நோய்க்கு மூலம் தெரிவதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே அதன் அடையாளங்கள் தெளிவாக எழுதப்பட்டுவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாத்திரைகளும் மாதக்கணக்கில் படுக்கையும் கொடுத்த பிறகு அந்தப் பெண் எழுந்து நடந்தாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அதே சாவியால் மறுபடி பார்த்தேன். பெருவிரல் கீழ்நோக்கியே மடங்கிற்று.

வயிற்றைப் பரிசோதிப்பதில் இந்தக் கிரமம் இன்னும் அவசியம். இடுப்பெலும்பின் முன்முனைக்கும் தொப்புளுக்கும் ஒரு கோடு இழுத்தால், அதன் வெளிப்பக்கத்து மூன்றிலொரு பங்கில் அமையும் புள்ளியில் குடல்வால் அழற்சியின் வலி உச்சமாயிருக்கும் என்று நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் மக்பர்னி 1889-ல் எழுதினார். இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் வலிக்கும் என்பது டென்மார்க்கு வைத்தியரான ரோவ்சிங் 1907-ல் சொன்னது. ஆனால் குடல்வால் எல்லாருக்கும் ஒரே இடத்தில் தொங்குவதில்லை; பெருங்குடலுக்குப் பின்னே மறைந்து கிடப்பவனுக்கு அந்தப் புள்ளியில் வலி அற்பமாகவே இருக்கும். வலி அந்தப் புள்ளியின் குணமன்று, அதன் கீழே அழற்சியுற்ற உறுப்பு வயிற்றின் உட்படலத்தைத் தொடுவதன் விளைவு என்பதை அறிந்தவன், முன்பக்கம் வலியில்லையென்றால் விலாப்புறத்தையும் அழுத்திப் பார்ப்பான்.

காரணம் தெரியாமல் ஒப்பிக்கப்படுவதனால் மிகவும் சிதைந்துபோவது, பாசல் நகரத்துக் கூர்வோசியே 1890-ல் கூறிய விதி. மஞ்சள் காமாலை கண்டவனுக்குப் பித்தப்பை வலியின்றிப் பெருத்துக் கைக்குத் தட்டுப்பட்டால், அடைப்புக்குக் காரணம் கல்லாக இருப்பது அரிது என்பதே அதன் சாரம். கல்லிருக்கும் பித்தப்பை வருஷக்கணக்கில் அழற்சிக்கு உள்ளாகி, சுவர் தடித்துச் சுருங்கி, பின்னால் எவ்வளவு அழுத்தம் வந்தாலும் விரிய இயலாததாகிவிடுகிறது. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி முளைத்து நாளத்தை நெரிக்கும்போதோ, அதுவரை நோயறியாத மெல்லிய பை மெதுவாக ஊதிப் பெருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவன், பித்தப்பை தட்டுப்படவில்லை என்பதற்காகக் கட்டியில்லை என்று முடிவு கட்டமாட்டான். விதியைத் தலைகீழாகப் படித்துவிட்டு நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டபோதெல்லாம், என் ஆசிரியரின் நியமம் எத்தனை கருணையுள்ளது என்று எண்ணியிருக்கிறேன்.

எக்ஸ்ரே படிக்கும் வித்தையை நான் முறையாகக் கற்றது, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1934-ல் திறக்கப்பட்ட பர்னார்டு ரேடியாலஜி நிலையத்தில் பயிற்சி பெற்ற ஒரு நண்பரிடம். 1895 நவம்பரில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரண்ட்ஜன் கண்ட கதிர்கள் உடம்பை ஊடுருவுகின்றனவேயன்றி, உறுப்புகளின் பெயரை எழுதிக் காட்டுவதில்லை. படத்தில் தெரிபவை காற்று, கொழுப்பு, நீர், எலும்பு என்னும் நான்கு நிறபேதங்கள்தாம். ஹிருதயம், ரத்தம், கல்லீரல், சீழ் எல்லாம் நீரின் நிறமே. அப்படியிருக்க, ஹிருதயத்தின் ஓரம் நமக்குத் தெரிவதேன்? அதைச் சுற்றிக் காற்று நிரம்பிய நுரையீரல் இருப்பதனால். இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கோடு பிறக்கும். அந்த ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நுரையீரல் பகுதி அழற்சியால் நீர் கோத்துவிட்டால், நீரும் நீரும் ஒன்றாகி, கோடு அழிந்துவிடும். இந்த எளிய உண்மையை சின்சினாட்டி நகரத்து ரேடியாலஜிஸ்டான பெஞ்சமின் பெல்சன் 1950-ல் சில்ஹவுட் அடையாளம் என்ற பெயரில் நிலைநாட்டினார்.

ஒருமுறை, ஒரு வாரமாகக் காய்ச்சலும் இருமலுமாயிருந்த ஓர் இளம் நெசவாளியின் படத்தை, மருந்துத்தொட்டியிலிருந்து எடுத்த ஈரம் சொட்டச்சொட்ட ஒளிப்பெட்டியில் மாட்டினோம். பிலிம் ஒன்றைக்கூட வீணாக்க இயலாத காலம். பக்கவாட்டுப் படம் கேட்பதற்கே யோசிப்போம். பார்த்தவுடன் நுரையீரலில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை; வலப்பக்கம் கீழே லேசான மங்கல், அவ்வளவே. நண்பர் மங்கலைப் பார்க்கவில்லை; கோடுகளைப் பார்த்தார். ஹிருதயத்தின் இடது ஓரம் பென்சிலால் வரைந்தாற்போல் தெளிவாயிருந்தது. வலது உதரவிதானத்தின் வளைவும் கெடாமலிருந்தது. ஹிருதயத்தின் வலது ஓரம் மட்டும் பாதியில் கரைந்து போயிருந்தது. வலது நுரையீரலின் கீழ்மடல் பின்னால் உதரவிதானத்தின்மேல் அமர்ந்திருப்பது; நடுமடலே முன்னால் ஹிருதயத்தை ஒட்டியிருப்பது. ஆகவே நோய் நடுமடலில் என்றார். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டபோது ஒன்றும் அகப்படாத எனக்கு, வலது முலைக்காம்பின் கீழே முன்புறத்தில் வைத்துக் கேட்டபோது நொறுங்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. படம் செவிக்கு இடம் காட்டிற்று. செவி படத்தை மெய்ப்பித்தது. பின்னொரு நாள் எடுத்த பக்கவாட்டுப் படமும் அதையே உறுதி செய்தது.

இதே உண்மையின் மறுபக்கந்தான் லியோ ரிக்லர் 1941-ல் வர்ணித்த அடையாளம். சாதாரணமாக வயிற்றுப் படத்தில் குடலின் உட்சுவர் மட்டும் தெரியும். ஏனெனில் காற்று உள்ளேதான் இருக்கிறது. சுவரின் வெளிப்பக்கமும் கூர்மையான கோடாகத் தெரிந்தால், வெளியிலும் காற்று வந்துவிட்டது, அதாவது எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். எழுந்து நிற்க முடியாத நோயாளியைப் படுக்கவைத்தே எடுத்த படத்திலும் இதைக் காணலாம் என்பதே இதன் மகிமை. சிறுகுடற்புண் வெடித்து நள்ளிரவில் வந்து சேரும் குடியானவர்களை நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் அந்நாளில் எவ்வளவோ கண்டிருக்கின்றன. நிற்கவைத்து எடுத்த படத்தில் வலது உதரவிதானத்தின் கீழே பிறைபோல் காற்றுத் தெரிந்தால், உடனே ஆபரேஷன் என்பதே எல்லோரும் அறிந்த பாடம்.

அப்படியொரு பிறை ஒரு முதியவரின் படத்தில் தெரிந்தது. தியேட்டரில் விளக்கும் ஏற்றியாயிற்று. அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், சுவாசத்தோடு மெதுவாக ஏறி இறங்கிற்று, பலகைபோல் விறைக்கவில்லை. புண் வெடித்து அமிலம் கசிந்த வயிறு அப்படி இளகியிருப்பது அபூர்வம். படத்தை மறுபடி ஒளிப்பெட்டியில் மாட்டி, அந்தக் கறுத்த பிறையை மட்டும் நெருங்கிப் பார்த்தால், அதன் குறுக்கே மெல்லிய மடிப்புக் கோடுகள் இரண்டு ஓடின. கட்டற்ற காற்றுக்கு மடிப்பு ஏது? பெருங்குடலின் சுவரில் அல்லவா அப்படிப்பட்ட மடிப்புகள் இருக்கும்! இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து இன்னொரு படம் எடுத்தோம். காற்று மேலே மிதந்து போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே பெருங்குடல் நுழைந்து உட்கார்ந்திருந்தது. இதை 1910-ல் வர்ணித்த டெமெட்ரியஸ் கிலாய்டிடியின் பெயரை அப்போதுதான், எல்லாவற்றுக்கும் பின்னால், சொன்னோம். பெரியவர் கத்தி படாமல் ஊர் திரும்பினார்.

அடையாளங்களின் எல்லையையும் காரணமே காட்டித் தருகிறது. மூளைப் படல அழற்சிக்குக் கெர்னிக், புருட்ஜின்ஸ்கி இருவரும் சொன்ன சோதனைகள், அழற்சியுற்ற மூளைப் படலமும் நரம்பு வேர்களும் இழுபடும்போது தசைகள் இறுகி எதிர்ப்பதைக் கொண்டு அமைந்தவை. நோயின் ஆரம்பத்திலும், கைக்குழந்தைகளிடத்தும், நினைவு மிகவும் மங்கியவரிடத்தும் அந்த எதிர்ப்பு எழாமலிருக்கலாம். ஆகையால் இருந்தால் மதிக்கவேண்டும்; இல்லையென்பதை நம்பி முதுகுநீர்ச் சோதனையை ஒத்திப்போடக் கூடாது. கெண்டைக்கால் ரத்தக்கட்டுக்கு ஹோமன்ஸ் பெயரால் வழங்கிவந்த அடையாளத்தை இன்று யாரும் ஆதாரமாகக் கொள்வதில்லை. பாதத்தை மேலே மடக்கினால் கெண்டைக்கால் வலிப்பதற்கு வேறு நூறு காரணங்கள் உண்டு. புகழ்பெற்ற பெயர் தாங்கியது என்பதற்காக ஓர் அடையாளத்துக்குச் சலுகை காட்டுவது சாஸ்திரத்துக்கு ஏற்றதன்று.

ஓய்வு பெற்ற பிறகு, இளைய சகா ஒருவர் ஒரு விவசாயியின் பாதத்தை எம்.ஆர்.ஐ.யில் எடுத்த படத்தை என்னிடம் காட்டினார். வெளுத்த சிறு வட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. இந்த நோயை மதுரையில் பணிபுரிந்த கில் என்ற வைத்தியர் 1842-ல் எழுதிவைத்ததால் உலகமெங்கும் அதற்கு மதுரைக் கால் என்ற பெயரும் உண்டு. கிரேயின் உடற்கூற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்த வான்டைக் கார்ட்டர் பின்னாளில் பம்பாயில் இதை விரிவாக ஆராய்ந்தார். வலியற்ற வீக்கம், சீழ் வடியும் துளைகள், அவற்றின் வழியே உதிரும் குருணைகள் என்ற மூன்றும் பழைய அடையாளங்கள். துளைகள் திறப்பதற்கு முன்பே தெரியக்கூடிய புதிய அடையாளம் இந்தப் புள்ளி வைத்த வட்டம். நான் வழக்கம்போலக் காரணம் கேட்டேன். வட்டம் அழற்சித் திசு, நடுப்புள்ளி அந்தக் குருணை, சுற்றியுள்ள கரிய வளையம் நார்த்திசு என்று அவர் விளக்கினார். அதோடு நில்லாமல், அந்தக் குருணை காளானால் ஆனதா பாக்டீரியாவால் ஆனதா என்பதைப் படம் சொல்லாது, இரண்டுக்கும் சிகிச்சை வேறு, ஆகையால் திசுவை எடுத்துப் பரிசோதிக்க அனுப்பியிருக்கிறேன் என்றார். எனக்குப் பரம திருப்தி.

கருவிகள் பெருகப் பெருக அடையாளங்களும் பெருகிக்கொண்டே போகும், அவை வேண்டியவையே. ஆனால் எந்தப் படம் எடுக்கவேண்டும், எந்த இடத்தை எடுக்கவேண்டும், எவ்வளவு அவசரம் என்பவற்றைத் தீர்மானிப்பது படுக்கையருகே நிற்கும் வைத்தியனின் கையும் கண்ணுமே. இடுப்பையே படம் எடுத்துக்கொண்டிருந்தால் மார்புப் பகுதியிலுள்ள முதுகெலும்பின் நோய் ஒருகாலும் தெரியப்போவதில்லை. ஏழை நோயாளியிடம் இந்தக் கைப்பரிசோதனைக்குக் கூலி கேட்க வேண்டியதில்லை. அவனை எங்கும் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டியதில்லை. ஆகவே இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள், அவற்றை விட்டுச்சென்ற பெரியவர்களுக்கு அது நாம் செலுத்தும் மரியாதை, ஆனால் நோயாளியின்முன் நிற்கும்போது முதலில் கண்டதைச் சொல்லுங்கள், அடுத்து அதன் காரணத்தைச் சொல்லுங்கள், காரணம் சொல்ல வராவிட்டால் மறுபடி பாருங்கள். அவ்வளவும் செய்துவிட்டவனுக்குப் பெயர் மறந்துபோனாலும் நோயாளிக்கு நஷ்டமில்லை.